நாலே முக்கால்

துணியில் ரத்தம் பட்டால் வெந்நீரில் போடக் கூடாது, பச்சைத் தண்ணீரில் ஒரு கைப்பிடி உப்பைக் கரைத்து அதில் ஊறவைக்க வேண்டும் என்பது ‘இல்லத்தரசிக்கு எண்ணூறு குறிப்புகள்’ என்ற நூலின் நானூற்றுப் பன்னிரண்டாவது குறிப்பு. அதற்கு முந்தைய குறிப்பு ரவையில் வண்டு வராமல் காப்பது பற்றியது. பிந்தையது ஆப்பத்தைச் சட்டியில் ஒட்டாமல் எடுப்பது பற்றியது. ரத்தம் எங்கிருந்து வந்தது என்று நூல் கேட்பதில்லை. நல்ல நூல்கள் அநாவசியமாகக் கேள்வி கேட்பதில்லை. குளியலறை வாளியில் சுகந்தியின் மாம்பழ நிற ரவிக்கை அந்தக் குறிப்பின்படி ஊறிக்கொண்டிருந்தது. சமையலறையில் கிரைண்டரில் உளுந்து ஓடிக்கொண்டிருந்தது. கூடத்துச் சுவரில் மணி மூன்றே முக்கால். இன்னும் ஒரு மணி நேரம் என்று நினைத்தாள், நினைத்த மாத்திரத்தில் இல்லை ஐம்பத்தொன்பது நிமிடம் என்று திருத்திக்கொண்டாள். கையை நனைத்து, குழவியின் ஓரத்தில் ஏறி ஒட்டியிருந்த மாவை வழித்து உள்ளே தள்ளினாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாரத்துக்கு மாவரைப்பது உறையூர் முழுக்க நடக்கிற காரியம். மேல்வீட்டிலும் கீழ்வீட்டிலும் இதே குழவிகள் இதே மாதிரி உருண்டுகொண்டிருக்கும். ஆனால் அவளுக்கு இன்று அந்தச் சத்தம் வலது காதில் மட்டும்தான் கேட்டது. இடது காதுக்குள் வேறொரு கிரைண்டர், மெல்லிசாக, கொய்ங் என்று, தண்ணீர் விடாமல் அரைத்துக்கொண்டிருந்தது. ஒரு மணிக்கு வாங்கிய ஐந்து அடிகளில் நான்காவது வழுக்கிக் காதில் பட்டுவிட்டது, தோட்டின் திருகு மடலைக் கிழித்துவிட்டது. அவள் கணவன் ஞானசேகர் உடனே கையை நிறுத்தினான். “சாரி சுகந்தி, இது தவறிப் பட்டது,” என்றான். பிறகு சற்று யோசித்து, “ஆனா எண்ணிக்கையில சேரும்,” என்று சொல்லிவிட்டு ஐந்தாவதைச் சரியான இடத்தில், தோள்பட்டைக்குக் கீழே, அடித்தான். நேர்மையான மனிதன். அவளுடையது ஒரு மணியோடு முடிந்துவிட்டது. நாலே முக்கால் மகள் மிதுனாவுடையது. மிதுனாவுக்கு ஒன்பது வயது. அவளுக்கு இதுதான் முதல் தடவை.

ஞானசேகர் முன்பெல்லாம் சூட்டோடு சூடாக அடிப்பவன். கையில் எது இருக்கிறதோ அது: கரண்டி, டிவி ரிமோட், ஒரு பொங்கலுக்குக் கரும்பின் அடித்துண்டு. பிறகு அழுவான், அவள் அழுவாள், இருவருமாக வயலூர் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு வருவார்கள். மூன்று வருடத்துக்கு முன் புத்தகக் கண்காட்சியில் அவன் மிளகாய் பஜ்ஜிக்கு வரிசையில் நின்றிருந்த நேரத்தில், சுகந்தியே தன் கையால் எடுத்து, தன் பர்ஸைத் திறந்து வாங்கிய புத்தகம்தான் ‘சினத்துக்கு ஒரு நாள் விடுப்பு’. அட்டையில் சூரியன் உதித்துக்கொண்டிருந்தது, ஒரு மனிதன் மலையுச்சியில் கைகளை விரித்துக்கொண்டு நின்றான். இந்தவகை அட்டைகளில் மலையில்லாமல் யாரும் நிம்மதியடைவதில்லை. பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தாள். அவன் கோபித்துக்கொள்வான் என்று பயந்தாள். அவனோ ஒரே இரவில் படித்து முடித்துவிட்டு விடிந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான். ஏழாம் அத்தியாயத்தில் ஒரு பத்தியைச் சிவப்புப் பென்சிலால் கோடிட்டிருந்தான். ‘சினம் குருடு. சினம் எழுந்தவுடன் செயல்படாதே. ஒரு முழு நாள் தள்ளிவை. மறுநாள் அதே நேரத்தில், அமைதியான மனத்தோடு, அந்தச் செயல் அவசியம்தானா என்று உன்னையே கேள். அவசியமெனில் செய்.’ அவசியமெனில் செய் என்கிற கடைசி இரண்டு சொற்களை நூலாசிரியர் எழுதாமல் இருந்திருக்கலாம். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு நாள் ஆறிய பிறகும் அவசியம் என்று பதில் சொல்லக்கூடிய ஒருவன் தன் நூலை வாங்குவான் என்று எந்த ஆசிரியர்தான் நினைப்பார்? ஞானசேகர் தொழிற்சாலையில் வெல்டிங் இணைப்புகளைச் சோதிக்கும் பிரிவில் இருக்கிறான். வெல்டிங் அடித்த சூட்டில் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும், இருபத்துநாலு மணி நேரம் ஆறவிட்டுப் பார்த்தால்தான் உள்ளே ஓடுகிற விரிசல் தெரியும் என்பது பதினாறு வருட வேலையில் அவன் கற்ற பாடம். அதனால் நூல் அவனிடம் வந்து சேர்ந்தது என்பதைவிட அவன் நூலிடம் வந்து சேர்ந்தான் என்று சொல்வதே பொருத்தம். ஒரு நோட்டு போட்டான். தப்பு நடந்த நேரம், மறுநாள் நேரம், அவசியமா என்ற கேள்விக்கு ஒரு கட்டம். மூன்று வருடத்தில் அவசியமில்லை என்று இரண்டு தடவை பதில் வந்தது. இரண்டாம் தடவை மல்லிகைப்பூவும் வாங்கிவந்தான். அந்த நோட்டில் கோபம் என்ற சொல்லே இல்லை. பதினாலாம் பதிப்பின் பின்பக்கத்தில் வாசகர் கடிதமாக அவனுடையதும் வந்திருக்கிறது: ‘இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் சத்தமே கேட்பதில்லை. ஞா.சே., திருச்சி.’ பொய்யென்று அதில் ஒரு எழுத்தைச் சொல்ல முடியாது. புதுக்கோட்டையிலிருக்கிற தன் அக்காவிடம் ஒரு நாள் சுகந்தி போனில் மெல்ல இதைச் சொன்னபோது அக்காவும் சற்று யோசித்துவிட்டு, “அப்ப முன்ன மாதிரி கண்மண் தெரியாம இல்லல்ல? சொல்லிட்டுத்தான அடிக்கிறாரு? அந்த மட்டும் நல்லதுடி,” என்றாள்.

உளுந்து இன்னும் பொங்கவில்லை. தண்ணீர் தெளித்தாள். நேற்று ஒரு மணிக்குச் சிரித்திருக்கக் கூடாது. சனிக்கிழமை சாப்பாட்டின்போது அவன் ஏதாவது ஒரு நூலிலிருந்து ஓர் அத்தியாயம் வாசித்துக் காட்டுவான். நேற்றைய நூல் இல்லற வெற்றி பற்றியது. “மனைவி என்பவள் இல்லத்தின் மின்மாற்றி,” என்று அவன் நிறுத்தி நிதானமாக வாசித்தான். தெருமுனையில் காக்கைக் கூட்டோடும் எச்சரிக்கை மண்டையோட்டோடும் நிற்கிற டிரான்ஸ்பார்மர் அவள் கண்முன் புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றது, வாயில் இருந்த ரசச் சோற்றோடு சிரித்துவிட்டாள். அவன் வாசிப்பதை நிறுத்தினான். சுவரைப் பார்த்தான். “நாளைக்கு ஒரு மணி,” என்றான். “ரசம் இன்னும் கொஞ்சம் விடு.” அதோடு அந்த விஷயம் முடிந்தது, அதாவது, இருபத்துநாலு மணி நேரத்துக்கு முடிந்தது. அந்த இருபத்துநாலு மணி நேரங்கள்தான் இந்த வீட்டின் நல்ல நேரங்கள். வெளியே சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அவளுக்கே சொல்ல வெட்கம். தள்ளிவைத்த நாட்களில் அவன் குரல் உயராது, துணி மடித்துக் கொடுப்பான், அவளும் பயப்படத் தேவையில்லை, ஏனென்றால் பயத்துக்கு ஒரு நேரம் குறித்தாகிவிட்டது. அப்படி நல்ல நேரமாகப் போய்க்கொண்டிருந்த நேற்றுச் சாயங்காலம் நாலரைக்கு அவனோடு வேலை செய்கிற ரங்கராஜும் அவர் மனைவி பிரேமாவும் புது வீட்டுக்குக் குடிபோனதைச் சொல்ல வந்தார்கள். காபி, முறுக்கு, தண்ணீர்வசதி பற்றிய பேச்சு. “நாளைக்கு மத்தியானம் எங்க வீட்டுல சாப்பிடுங்களேன். பன்னெண்டரைக்கு வந்துடுங்க,” என்றாள் பிரேமா. தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்த மிதுனா தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள்: “நாளைக்கு ஒரு மணிக்கு அம்மாவுக்கு அடி இருக்கு ஆன்ட்டி. ரெண்டு மணிக்கு மேலன்னா வரோம்.” இந்தி டியூஷன் இருக்கு, பல் டாக்டர் இருக்கு என்பதுபோலச் சொன்னாள். முறுக்கு எல்லோர் வாயிலும் நின்றது. “என்ன பாப்பா சொல்ற?” என்று பிரேமா சிரித்தாள், சிரிப்பு பாதியில் எங்கோ மாட்டிக்கொண்டது, சுகந்தியின் முகத்தைப் பார்த்தாள், பார்வையை உடனே எடுத்துக்கொண்டாள். ரங்கராஜ் தட்டில் முறுக்குகளை எண்ணுவதுபோல் பார்த்தார். “பசங்க என்னென்ன சொல்லுதுங்க பாருங்க சார்! டிவி பாத்துப் பாத்து,” என்றான் ஞானசேகர். வந்தவர்களை வாசல்வரை கொண்டுபோய் விட்டான், செருப்பை எடுத்து வைத்தான், கதவைச் சாத்தினான். அப்போதும் சுவரைத்தான் பார்த்தான். “மிது, நாளைக்கு நாலே முக்கால்.” மிதுனா அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பயம் இல்லை, அதுதான் இன்னும் சுகந்தியின் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது, பயம் இல்லை, ஒரு மாதிரிப் பெரியவளாகிவிட்ட கூச்சம்.

மூன்று ஐம்பத்தெட்டு. கூடத்தில் அவன் குளித்துவிட்டு வெள்ளை வேட்டியில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தான். சமையலறையிலிருந்து அவனுடைய முதுகும் சிவந்த சுத்தமான பிடரியும் தெரிந்தன. மூச்சை நாலு எண்ணி இழுத்து எட்டு எண்ணி விடுவான். மிதுனாவின் நேரத்துக்கான தயாரிப்பு இது. இரண்டு மணிக்குச் சுகந்தி காதில் பஞ்சை வைத்துக்கொண்டே அவனிடம் போய்க் கேட்டுப் பார்த்தாள். “ஏங்க, சின்னப் பொண்ணு. என்ன சொல்றோம்னு தெரியாம சொல்லிட்டா. அவளுக்குப் பதிலா எனக்கே...” அவன் அவளை உட்காரச் சொன்னான், தண்ணீர் கொடுத்தான். “அது நியாயம் இல்ல சுகந்தி. ஒருத்தர் தப்புக்கு இன்னொருத்தர் வாங்கினா அவளுக்கு என்ன புரியும்? நான் ஒண்ணும் மிருகம் இல்ல. வயசைப் பாத்து ரெண்டுதான். அதுவும் அவசியமான்னு நாலே முக்காலுக்குக் கேட்டுப்பேன்.” இப்படிப் பேசுகிறவனிடம் எங்கிருந்து சண்டையை ஆரம்பிப்பது? வழவழவென்ற சுவர், ஆணி அடிக்க ஒரு விரிசல் இல்லை. குழவி சுற்றியது. எட்டு கிலோ கல். அவன் தலையைப் பிடித்து இதற்குள் வைத்தால் முதலில் மூக்கு போகும் என்று தோன்றியது; மூக்கு போகும், பிறகு பல், பல் என்றால் குழவியில் கீறல் விழும், கீறல் விழுந்தால் மாவில் கல் வரும். சே என்று தலையை உதறினாள், காது விண்ணென்றது. ஆனால் தோன்றியது நின்றபாடில்லை, நூலின் தமிழிலேயே, எண் போட்டுக்கொண்டு வந்தது. குறிப்பு எண்ணூற்று ஒன்று: கொதிக்கும் எண்ணெயை நெற்றியிலிருந்து கீழ்நோக்கி ஊற்றவும், கண்ணில் படுவதற்குள் அவர் மூடிவிட வாய்ப்புண்டு, எனவே தூங்கும்போது செய்வது உத்தமம். குறிப்பு எண்ணூற்று இரண்டு: தேங்காய் உடைக்கும்போது நார் இருக்கும் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நடுவில் ஓங்கி ஒரே அடி, இதே முறை மற்றவற்றுக்கும் பொருந்தும். குறிப்பு எண்ணூற்று மூன்று: பிடரியின் குழியில். இங்கே நூல் நின்றுவிட்டது, ஏனென்றால் அந்தப் பிடரி இப்போதுதான் குளித்து, இரண்டு சொட்டுத் தண்ணீரோடு, பன்னிரண்டு வருடமாக அவள் எண்ணெய் தேய்த்துவிட்ட பிடரியாக, பத்தடியில் இருந்தது. அவள் எதுவும் செய்யப்போவதில்லை. செய்யாதவர்களுக்குத்தான் இவ்வளவு விவரமாகத் தோன்றும் போலிருக்கிறது. கதவைத் தாளிட்டுக்கொண்டு மிதுனாவோடு குளியலறையில் உட்கார்ந்துவிடலாம். ஐந்து மணிக்கு வெளியே வர வேண்டும். புதுக்கோட்டை பஸ் ஏறலாம். அக்கா இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, சொல்லிவிட்டுத்தானே அடிக்கிறார் என்று கொண்டுவந்து விடுவாள். காலில் விழலாம்; கைதூக்கிவிட்டுத் தண்ணீர் கொடுப்பான். எந்த யோசனையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு நாலே முக்காலில் வந்து இடித்தது.

“அம்மா.” மிதுனா சமையலறை வாசலில் நின்றாள். பச்சைக் கவுனுக்கு அடியில் ஜீன்ஸ் போட்டிருந்தாள், ஜீன்ஸுக்கு அடியில் இன்னொன்று போட்டிருக்க வேண்டும், கால் இரண்டும் தலையணை மாதிரி இருந்தன. “என்னடி வேஷம் இது?” என்றாள் சுகந்தி, சிரிக்கப் பார்த்தாள். “எங்கம்மா அடிப்பாரு? முதுகுலயா, காலுலயா?” என்று மிதுனா ரகசியமாகக் கேட்டாள். “முதுகுலன்னா ஸ்கூல் பேக்கை மாட்டிக்கட்டுமா? உள்ள நோட்டை வெச்சு?” “அதெல்லாம் ஒண்ணும் இல்ல. போய் உக்காரு.” “ரெண்டுதான?” “யாரு சொன்னா?” “அப்பாதான். சாப்பாட்டுக்கு அப்புறம் கூப்பிட்டு உக்கார வெச்சு சொன்னாரு. பயப்படாத, ரெண்டுதான், எண்ணிக்கிட்டே இரு, எண்ணினா வலிக்காதுன்னு.” நழுவிய ஜீன்ஸை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். “நீ எண்ணுவியாம்மா?” சுகந்தி எண்ணுவாள். ஒவ்வொன்றையும் எண்ணுவாள். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் பால்காரருக்குச் சொல்ல வேண்டியது, நாளைக்கு என்ன டிபன், எல்லாம் வந்து போகும். அதை இந்தக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது? “போய் முகம் கழுவு,” என்றாள்.

உளுந்து பொங்கத் தொடங்கியிருந்தது. ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் போட்டாள், மிதந்தது. எண்ணூறு குறிப்புகள் எழுதிய அம்மாளை நினைத்துக்கொண்டாள். நூலில் படம் கிடையாது, பெயர்கூட இனிஷியலோடு சுருக்கமாகத்தான் இருந்தது. சுகந்திக்கு எதையும் எண்ணிப் பார்க்கிற வழக்கம் உண்டு, எண்ணிப் பார்த்ததில் நூலில் எண்ணூறு இல்லை, எழுநூற்றுத் தொண்ணூற்று மூன்றுதான். ஏழு குறிப்புகள் வேறு எண்ணோடு இரண்டாம் தடவை வந்திருந்தன. அவசரப் பதிப்பு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். இப்போது மாவு கையோடு நின்றபடி அந்த ஏழையும் ஞாபகப்படுத்திப் பார்த்தாள். இரண்டு ரத்தக் கறை. மூன்று வீக்கத்துக்கு: பச்சை உருளைக்கிழங்கு, மஞ்சள் பற்று, ஐஸைத் துணியில் சுற்றி. ஒன்று கண்ணைச் சுற்றிய கறுப்பு தெரியாமல் பவுடர் போடும் விதம். ஒன்று, உடைந்த வளையல் கண்ணாடியைத் தரையிலிருந்து ஈர ரொட்டித் துண்டால் ஒற்றி எடுப்பது. அவசரத்தில் ஒருத்தி ரவை வண்டைத்தானே இரண்டு தடவை எழுதுவாள்? இவளுக்கு மறந்துபோய் மறுபடி எழுத வந்ததெல்லாம் இதுதான். அப்படியானால் அந்த அம்மாளும் நாலைந்து மணிக்கு எங்கேயோ ஓர் அடுப்படியில் நின்று எழுதியிருக்கிறாள், எல்லாவற்றையும் எழுதியிருக்கிறாள், அடித்ததற்குப் பின்னால் செய்ய வேண்டியது ஒன்று விடாமல் எழுதியிருக்கிறாள், அதற்கு முன்னால் செய்ய வேண்டியதற்கு மட்டும் ஒரு குறிப்புகூட இல்லை. எட்டாவது அச்சு. அத்தனை வீடுகளில் உப்புத் தண்ணீர். சுகந்தியால் அந்த நூலுக்கு ஒரு குறிப்பைச் சேர்க்க முடியும், அது அவளாகவே கண்டுபிடித்தது: நேரம் தெரிந்துவிட்டால், அரை மணி நேரத்துக்கு முன்பே வலி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டுவிட வேண்டும், அடி விழும்போது மருந்து ரத்தத்தில் தயாராக இருக்கும். மூன்று வருடமாக அப்படித்தான். இன்றும் பன்னிரண்டரைக்குப் போட்டுக்கொண்டாள். மணி நாலேகால் ஆகியிருந்தது. அவள் கையைக் கழுவாமலே இடது கையால் அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னாலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். ஒன்பது வயது, இருபத்தாறு கிலோ, முழு மாத்திரை அதிகம். கத்தியின் முனையை நடுக்கோட்டில் வைத்து அழுத்தினாள். சரிபாதியாக உடைந்தது. ஒரு டம்ளரில் தண்ணீர். “மிது, இங்க வா. இதைப் போட்டுக்கோ.” மிதுனா முகம் கழுவிய ஈரத்தோடு வந்து அவள் உள்ளங்கையைப் பார்த்தாள். “எதுக்கும்மா? எனக்கு ஜுரம் இல்லையே.” “போட்டுக்கோ.” “ஜுரம் இல்லம்மா, தொட்டுப் பாரு.” நெற்றியை நீட்டினாள். சுகந்தி தொட்டாள். ஜில்லென்றிருந்தது. குழந்தைகளுக்கு எதையும் நேரே சொல்லிவிட வேண்டும் என்று எல்லா நூல்களிலும் இருக்கிறது, அவள் வாயைத் திறந்தாள், சொல்ல வேண்டிய வாக்கியம் முழுதாக உருவாகி நாக்கில் வந்து நின்றது: அடிக்கறதுக்கு முன்னாடி போட்டுக்கிட்டா வலிக்காதுடி செல்லம். அந்த வாக்கியத்தை அவள் பார்த்தாள். அன்பான வாக்கியம். பொறுப்பான வாக்கியம். நோட்டில் அவனுடைய கட்டங்களுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் வரைந்து அதை எழுதினால் கச்சிதமாகப் பொருந்தும். இந்த வீட்டில் அடிப்பதற்கு ஒரு ஆள், அடிக்குத் தயார் செய்வதற்கு ஒரு ஆள். உள்ளங்கையில் அரை மாத்திரை வெள்ளையாக இருந்தது. அடித்தொண்டையிலிருந்து ஏதோ ஏறியது, வாந்தி என்று நினைத்தாள், வாந்தி இல்லை. வெகுநாளாகப் பார்க்காத ஒரு சொந்தக்காரர் வாசலில் வந்து நிற்பதுபோல அது வந்து நின்றது, யாரென்று தெரிய ஒரு நிமிடம் ஆயிற்று. கோபம்.

கூடத்துக்கு எத்தனை அடி வைத்து வந்தாள் என்பது அவளுக்குப் பிறகு ஞாபகம் இல்லை. அவனுக்கு முன்னால் நின்றிருந்தாள். அவன் கண்ணை மூடி, முழங்கால்மேல் கைகளை மலர்த்தி, எட்டு எண்ணி மூச்சை விட்டுக்கொண்டிருந்தான். ஐந்தோ ஆறோ ஆகியிருக்கும். அவள் அறைந்தாள். மாவு கையால், முழுக்கையால், ஓங்கி. சத்தம் ஈரத் துணியைக் கல்லில் அடிப்பதுபோல் வந்தது. அவன் கன்னத்தில் ஐந்து விரலும் வெள்ளையாக எழும்பின, மீசையில் உளுந்து தொங்கியது. கண்ணைத் திறந்தான். அவன் முகத்தில் முதலில் வந்தது கோபம்கூட இல்லை, ஒரு வாசகனின் திகைப்பு, பக்கம் மாறி அச்சாகிவிட்டதோ என்பதுபோல. “என்ன சுகந்தி இது?” என்றான். குரல் உயரவில்லை. பிறகு அவள் எதிர்பார்த்தது நடந்தது, எதிர்பார்த்தும் நம்ப முடியாமல் பார்த்தாள்: அவன் சுவரைப் பார்த்தான். “நாலு இருபத்தொண்ணு,” என்றான். பாய்க்குப் பக்கத்திலிருந்த நோட்டை எடுத்தான். மாவு சொட்டுகிற முகத்தோடு பேனாவின் மூடியைத் திறந்தான். “நாளைக்கு...” “எழுதாதீங்க,” என்றாள். அவன் நாலு என்று போட்டான். அவள் இரண்டாவது தடவை அடித்தாள், இந்தத் தடவை பேனாவும் நோட்டும் சேர்ந்து பறந்தன, டிவிக்குக் கீழே போய் விழுந்தன. “எதுக்கு நாளைக்கு? கோபம் வரல? வந்துச்சுன்னா இப்ப அடிங்க. எங்க, அடிங்க பாப்பம். ஆறிப்போனதைத் தின்னுத் தின்னு எனக்கு அலுத்துப்போச்சு.” இவ்வளவு சத்தமாகப் பேசத் தனக்குத் தொண்டை இருக்கிறது என்பது அவளுக்கே புதிது. அவன் எழுந்தான். கழுத்து நரம்பு புடைத்தது, கை மேலே போயிற்று, மூன்று வருடம் முந்தைய கை, அவளுக்கு அது நன்றாகத் தெரியும், உடம்பு தன்னால் குறுகியது. மேலே போன கை அங்கேயே நிற்க, அவன் கண் மட்டும் ஒரு நொடி அவளைத் தாண்டி வாசற்கதவுக்குப் போயிற்று. மேல்தாழ் போட்டிருக்கிறதா என்று பார்த்தது. அப்புறம் ஜன்னலுக்கு. ஒரு நொடிதான். அவளுக்குப் பன்னிரண்டு வருடமும் அந்த நொடிக்குள் தெரிந்தது: கரண்டியைத் தூக்கிய நாளில், கரும்பைத் தூக்கிய நாளில், வாய் நுரைக்கக் கத்திய நாட்களில், ஒவ்வொரு நாளும் அடிக்கு முன்னால் இந்தக் கண் கதவுக்குப் போய்வந்திருக்கிறது. கண்மண் தெரியாத கோபம் என்று அவளும் அக்காவும் சொன்ன அந்தக் கோபத்துக்குக் கதவு எப்போதும் தெரிந்திருந்தது. கடைத்தெருவில் அவனுக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை. குருடுமில்லை மண்ணுமில்லை. நூல் அவனை மாற்றவேயில்லை. அவனிடம் முன்பே இருந்ததற்கு ஒரு கடிகாரம் வாங்கிக் கொடுத்தது, அவ்வளவுதான். வாங்கிக் கொடுத்தவள் அவள். அவள் பின்னோக்கியே நடந்து போய்த் தாழை நீக்கிக் கதவை அகலத் திறந்தாள். எதிர்வீட்டு டிவியின் கிரிக்கெட் சத்தம் உள்ளே வந்தது. “இப்ப அடிங்க,” என்றாள். தூக்கிய கை மெல்ல இறங்கியது. இறங்கிய கையால் அவன் மீசையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மென்மையான குரலில், “கதவைச் சாத்திட்டு வா, பேசிக்கலாம்,” என்றான்.

“மிது, வா.” மிதுனா வந்தாள், இரட்டைக் கால்சட்டையோடு, முழங்காலை மடக்க முடியாமல் விறைத்து நடந்து. செருப்பு தேடவில்லை. இரண்டாம் மாடியிலிருந்து இறங்கும்போது சுகந்தியின் வலது உள்ளங்கை எரிந்தது, நெருப்பாக எரிந்தது, அடித்தால் அடித்த கைக்கும் வலிக்கும் என்பதை யாரும் எந்த நூலிலும் எழுதியதாக அவளுக்கு ஞாபகம் இல்லை. பன்னிரண்டு வருடம் ஒருவன் இந்த எரிச்சலையும் தாங்கிக்கொண்டு செய்திருக்கிறான் என்றால் அவனுக்கு அது எவ்வளவு வேண்டியிருந்திருக்கும். முதல் மாடி வளைவில், அதே கட்டடத்தில் குடியிருக்கிற ஃபாத்திமா டீச்சர் காய்கறிப் பையோடு மூச்சு வாங்க ஏறி வந்துகொண்டிருந்தார். “என்ன சுகந்தி, கையெல்லாம் மாவு? எங்க கிளம்பிட்டீங்க ரெண்டு பேரும்?” இங்கதான் டீச்சர், சும்மா, என்று சொல்ல உதடு பழக்கத்தில் குவிந்தது. மிதுனா அண்ணாந்து அம்மாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “மத்தியானம் ஒரு மணிக்கு அவர் என்னை அஞ்சு அடி அடிச்சார் டீச்சர். நாலே முக்காலுக்கு இவளை அடிக்கணும்னு சொன்னார். அதான் வந்துட்டோம்,” என்றாள். டீச்சர் பையைக் கீழே வைத்தார். சுகந்தியின் காதைப் பார்த்தார், பஞ்சைப் பார்த்தார், பார்வையை எடுத்துக்கொள்ளவில்லை. “நீ இரும்மா. நான் மேல வரேன் உன்னோட. ரெண்டு பேருமாப் போய்ப் பேசுவோம். நான் இருக்கும்போது அடிச்சிடுவாரா என்ன?” “மாட்டார் டீச்சர். அவர் அடிக்கமாட்டார்.” சுகந்தி கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டாள். உடம்பு முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்தது. அது பயம் என்று டீச்சர் நினைத்து அவள் தோளைத் தொட்டார், தோளில் அடிபட்ட இடம், ஆனால் அது பயமில்லை என்பது சுகந்திக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்தக் கன்னத்தின் கதகதப்பு இன்னும் கையில் இருந்தது. அந்தச் சத்தம் நல்ல காதில் இன்னும் இருந்தது. அவள் அடித்தது இரண்டோடு நின்றுவிட்டது. “நான் மேல போனா அடிப்பேன் டீச்சர்,” என்றாள், “நிறுத்த மாட்டேன்.” மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டிரண்டு படியாக, ஓடுகிற மாதிரி கீழே இறங்கினாள்.